இரண்டாவது அடுப்பு

போன மாதம் மாநகர சபையின் வீடமைப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள். பழைய தொடர்மாடிகளை இடித்துவிட்டுப் புதிதாய் உயரமாகக் கட்டப் போகிறார்களாம். அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைக் கணக்கெடுக்க வேண்டுமாம்.

"எல்லாம் போன்லயே பதிஞ்சிக்கிறோம் மிஸ். ஆனா ஒரு கதவத் தட்டினா உள்ளுக்கு மூணு குடும்பம் இருக்குன்னு சொல்றாங்க. ஒரு குடும்பம்னா எதுன்னு உங்க காலத்துல எப்பிடி முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

"அடுப்ப வச்சுத்தான்" என்றேன். கிழவி பகிடி விடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். பகிடி இல்லை. அந்த அடுப்புக் கணக்கினால் ஒருத்தி கைக்கு வந்த வீட்டை இழக்கப் பார்த்தாள். அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

கண்டி நகரில் என் அப்பாவுக்குச் சின்னதாய் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. நான் தட்டச்சுப் படித்து, எழுபதுகளின் கடைசியில் சபையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் தட்டச்சு மேசையிலும் முறைப்பாட்டு ஜன்னலிலும் போயின. கூரை ஒழுகுகிறது, பைப்பில் காற்றுத்தான் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரன் கோழியை நம் வீட்டில் மேய விடுகிறான். என் சர்வகலாசாலை அந்த ஜன்னல்தான். ஏச்சு வாங்கிக்கொண்டே முகம் சுளிக்காமல் இருக்கும் வித்தையை அங்கேதான் கற்றேன். கல்யாணத்துக்குப் பிறகும் அது கைகொடுத்தது.

நகரத்துக்கு மேலே, குன்றுச் சரிவில், துப்புரவுத் தொழிலாளர்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் வரிசை வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயங்கள் இருந்தன. ஒரே அறையாய் ஒரு காம்பரா, முன்னால் ஒடுங்கிய விறாந்தை, அதன் மூலையில் தகரம் சாய்த்த குசினி. அவ்வளவுதான் ஒரு வீடு. தெருத் தெருவாய் ஊரைக் கூட்டிச் சுத்தமாக்குகிறவர்களின் குடியிருப்பில், ஒரு வரிசைக்கு ஒரே ஒரு தண்ணீர்ப் பைப். மழைக்காலத்தில் சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். அந்த லயங்களுக்குப் பதிலாகப் பக்கத்திலேயே மாடி வீடுகள் கட்டி, குறைந்த வாடகைக்கு அவர்களுக்கே கொடுப்பது என்று சபை முடிவு செய்தது. நல்ல முடிவு. அதை நிறைவேற்ற ஒரு விதி வேண்டும் அல்லவா? ஒரு அடுப்பு, ஒரு குடும்பம், ஒரு வீடு. இதுதான் விதி.

ஒரே காம்பராவில் இரண்டு குடும்பங்கள் இருந்தால் இரண்டு வீடு கிடைக்கும். ஆனால் காம்பராக்களைவிடக் கொஞ்சம் கூடுதலான வீடுகள்தான் கட்டினார்கள். அந்தக் கூடுதல் வீடுகளுக்கு எத்தனை பேர் கண் வைத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். விதி வெளியே தெரிந்த கிழமையே லயத்தில் திடீரென்று அடுப்புகள் முளைத்தன. மழைக்குக் காளான் முளைப்பதுபோல விறாந்தை மூலை எல்லாம் மூன்று கல்.

கணக்கெடுக்கும் பொறுப்பு எங்கள் மேற்பார்வையாளர் ஹனீபா சேருக்கு வந்தது. அவர் அலவத்துகொடக்காரர். தினமும் பஸ்ஸில் குடையோடு வந்து இறங்குவார். ஆள் நல்ல உயரம், நல்ல பருமன், சட்டென்று கோபம் வரும். கந்தோரில் யாராவது பொய் சொன்னால் ஏச மாட்டார், "தொ, தொ" என்று நாக்கைத் தட்டுவார். அதற்கு ஏச்சே மேல் என்று தோன்றும். குசினிக்குள் அந்நிய ஆம்பிளை போகக்கூடாது என்பது அவர் கட்டுப்பாடு. அதனால் என்னைத் தட்டச்சு மேசையிலிருந்து கிளப்பித் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார்.

அவர் ஒரு வீட்டுக்குப் போகும் விதத்தை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும். வாசலுக்கு ஒரு எட்டு முன்னாலேயே நின்று, குடையை மடக்கி, "வீட்டுக்காரம்மா, வரவா?" என்று கேட்பார். வாங்க என்ற பிறகுதான் குனிந்து விறாந்தைக்கு ஏறுவார். அவருக்கு முன்னால் வந்த சபைக்காரர்கள் தெருவில் நின்றே பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுவிட்டுப் போனவர்கள். இவரோ, கதிரை கொடுத்தால் அதைச் சேலைத் தலைப்பால் துடைக்க விடமாட்டார். உட்கார்ந்ததும் முதல் வார்த்தை, "ஒரு தேத்தண்ணி தாங்களே" என்பதுதான்.

லயத்துச் சனங்கள் முதல் நாள் திகைத்துப் போனார்கள். அவர்கள் வீட்டுத் தண்ணீரை வெளியார் குடிக்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை, நம் ஆட்களுக்கு எல்லாம் தெரியும். சேர் பெரிய மனது வைத்துக் குடிக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். மனதும் இருந்தது, மூளையும் இருந்தது.

இரண்டு அடுப்பு என்று சொல்லும் வீட்டில் இரண்டு பெண்களிடமும் தனித்தனியாகத் தேத்தண்ணி கேட்பார். வெறும் சாயத்தண்ணிதான், கையில் வைத்து நக்கக் கொஞ்சம் சீனி. உண்மையாகவே தனியாகச் சமைக்கிறவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கையை நீட்டுவாள், சீனி டின் கையில் வந்துவிடும். நேற்று மூன்று கல் வைத்தவளின் கண் முதலில் அடுத்த அடுப்புக்காரியிடம் போகும். பிறகு ஒரு பிள்ளை மெதுவாக நழுவி அந்தப் பக்கம் போகும். கொஞ்ச நேரத்தில் அதன் கைக்குள் மூடிக்கொண்டு சீனி வரும். சேர் குடித்து முடித்து, "நல்லா ஈக்கி" என்று பாராட்டி, வெளியே வந்து என்னிடம், "ஒண்டு" என்பார். நான் ஒன்று என்று பதிவேன்.

கணக்கெடுப்பின் நடுவில் நோன்பு வந்துவிட்டது. சேர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. "இனி ஒங்கட பாடு மகள்" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலோ, நான் லயத்துக்குப் போய் வருகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா என்னைப் பின்வாசலால்தான் வரச் சொன்னார். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் குசினிக்குள் நுழைய முடியாது. அங்கே தேத்தண்ணியும் குடிக்கிறேன் என்று தெரிந்தால் பின்வாசலும் அடைபட்டிருக்கும். முதல் கிளாசை வாங்கும்போது என் கை கொஞ்சம் தயங்கியது உண்மை. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதும் உண்மை. மடமடவென்று குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். அதற்குப் பிறகு அந்த மாதம் முழுவதும் சாயத்தண்ணியிலேயே மிதந்தேன். சேர் நோன்பு வாயோடு என்னைப் பார்த்து, "மகளுக்குத்தான் இந்த முறை பெருநாள்" என்று கிண்டல் பண்ணுவார்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்றுதான் மாரியாயியின் வீடு.

மாரியாயியும் புஷ்பமும் ஓரகத்திகள். அண்ணன் தம்பி இருவரைக் கட்டியவர்கள். அண்ணன் காய்ச்சலில் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய வேலை மாரியாயிக்குக் கிடைத்து, கடைத்தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று பெண் பிள்ளைகள். தம்பி கணேசனுக்கும் புஷ்பத்துக்கும் மூன்று பிள்ளைகள். ஒன்பது பேருக்கு அந்த ஒரே காம்பரா. கணேசன் வருடம் முழுவதும் விறாந்தையில் சாக்குப் போர்த்திக்கொண்டு படுப்பான். கண்டிக் குளிரில் அது எப்படி இருக்கும் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மாரியாயியின் மூத்த பெண் தனம் பெரியவளாகி இருந்தாள். அவள் படுக்க இடம் இல்லாமல், அரிசிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள்.

இரண்டு குடும்பம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் சேர் வழக்கமான கேள்வியைக் கேட்டதும் மாரியாயி, "ஒரே அடுப்புதாங்க சேர்" என்றாள். புஷ்பம் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் குசினிக்குள் போனபோது மாரியாயி பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஆசை இல்லைன்னு நெனச்சிராதீங்க மிஸ். எம்மகளுக்குக் கால நீட்டிப் படுக்க ஒரு எடம் வேணும். சேலை மாத்துறதுக்கு ஒரு கதவு வேணும். ராத்திரி எல்லாம் அதுவே நெனப்பு."

"அப்ப ரெண்டுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்பிடி மிஸ் சொல்றது? அவுக செத்தப்ப, கருமாதி அன்னைக்கு, மாரியம்மன் கோயில் வாசல்ல வச்சு கணேசு எல்லாருக்கும் முன்னாடி சொன்னிச்சு. மதினி, நான் இருக்கிற வரைக்கும் உங்களுக்குத் தனி ஒலை கெடையாதுன்னு. சொன்ன சொல்ல அது காப்பாத்துது. இப்ப நான் தனி அடுப்புன்னு சொன்னா, தாலியறுத்தவளத் தள்ளி வச்சிட்டான்னு லயமே அதத்தானே பேசும்? அந்தப் பழிய நான் என் வாயால போடணுமா?"

நம் சனங்களுக்குள் அடுப்புப் பிரிவது சாதாரண விஷயம் இல்லை. பாகம் பிரிக்கலாம், படுக்கை பிரிக்கலாம், அடுப்பைப் பிரித்தால் உறவே அறுந்தது என்று அர்த்தம். அது ஒரு பெரிய சண்டையில்தான் நடக்கும். சபையில் விதி எழுதிய கனவான்களுக்கு அடுப்பு என்பது சமைக்கிற சாமான், அவ்வளவுதான். பொய் சொல்லத் துணிந்தவர்களுக்கு அந்த விதியால் ஒரு வழி கிடைத்தது. பொய் சொல்லாத மாரியாயிக்கு ஒரு வழியும் இல்லை.

வெளியே வந்து சேர், "ஒண்டு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குன்றிலிருந்து இறங்கும் வழி முழுவதும் அவரோடு சண்டை பிடித்தேன். ஒன்பது பேர், சேர். வயசுக்கு வந்த பிள்ளை உட்கார்ந்து தூங்குது, சேர். அவர் குடையை ஊன்றி நின்றார்.

"எனக்குக் கண்ணில்லையா மகள்? ஆனா அவ சொல்லாதத நான் எப்பிடி எழுதுற? மத்த ஊடுகள்ல மூணு கல்லு வச்சவங்கள நான் இல்லண்டு வெட்டினேனே. அவங்களும் நெருக்கத்தாலதானே பொய் செல்லின? இவளுக்கு மட்டும் பாவம் பாத்தா, நாளைக்கு அவங்கட மொகத்துல நான் எப்பிடி முழிக்கிற?"

அவர் சொன்னதும் நியாயம்தான். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கும்போதுதான் மனிதருக்குத் தலை வலிக்கிறது.

முடிவில் குறை உள்ளவர்கள் வந்து முறையிடலாம், மறுபடி வந்து பார்ப்போம் என்று அறிவித்தோம். பலர் வந்தார்கள். மாரியாயி வரவில்லை. ஒருநாள் என் ஜன்னலுக்குப் புஷ்பம் வந்து நின்றாள். வாயாடி என்று லயத்தில் பேர் எடுத்தவள், அன்றைக்கு வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசினாள்.

"மிஸ், கூடி இருந்தவங்க இப்ப பிரிஞ்சிட்டா, அத ரெண்டு அடுப்புன்னு எடுப்பீங்களா?"

"உண்மையாப் பிரிஞ்சு, தனியாச் சமைச்சா எடுப்போம்."

"சேர் எப்ப மறுபடி வாறாரு?"

நாளைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் போன அன்று காலையில் பைப்படியில் பெண்கள் கூட்டம். சேர் சரிவில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு குடம் கல்லில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. புஷ்பம்தான் தட்டிவிட்டிருந்தாள். அது மாரியாயியின் குடம்.

"நானும் எத்தன வருசத்துக்குத்தான் பொறுக்கிறது? ஆக்கிப் போடுறதுக்கு நான் என்ன இந்த வீட்டு வேலைக்காரியா? தின்ன தட்டக் கழுவ ஒருத்திக்கும் கை வராது. வெறகு யாரு பொறுக்கிறது? நான். சாம்பல் யாரு அள்ளுறது? நான். மக பெரிய மனுசியாகி மூலையில குந்திக்கிட்டு இருக்கா, ஒரு வெங்காயம் உரிச்சிருப்பாளா? போதும்! இனி என் அடுப்புப் பக்கமே வராதீங்க. ஒங்க சோத்த நீங்களே ஆக்கித் தின்னுங்க!"

மாரியாயி நனைந்த சேலையோடு அப்படியே நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற பெண்கள் புஷ்பத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "தாலியறுத்தவ வயித்துல அடிக்கிறியே, நீ நல்லாருப்பியா?" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். சத்தம் கேட்டு ஓடி வந்த கணேசன் பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கினான். மாரியாயி நடுவில் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். "தம்பி, அவ மேல கை பட்டா நான் இந்த லயத்துலயே இருக்க மாட்டேன்" என்றாள். அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

அன்று பின்னேரம் விறாந்தையின் மறு கோடியில் மாரியாயி மூன்று கல் வைத்து உலை ஏற்றினாள்.

தனிச் சமையல் நிலைத்ததா என்று பார்க்கச் சில கிழமை கழித்து நாங்கள் மறுபடி போனோம். சேர் தேத்தண்ணி கேட்டார். மாரியாயி கையை நீட்டிச் சீனி டின்னை எடுத்தாள். அரிசி, தேயிலை, உப்பு எல்லாம் அவள் பக்கத்திலேயே இருந்தன. வெளியே வந்து சேர், "ரெண்டு" என்றார். சரிவில் இறங்கும்போது, "மகள், அது மெய்யான சண்டையா?" என்று கேட்டார். ஜன்னலுக்கு வந்து கேள்வி கேட்டவளின் முகம் என் கண் முன்னால் நின்றது. "சண்டையப் பத்தி எனக்குத் தெரியாது சேர். அடுப்பு மெய்" என்றேன். "ஓ, அடுப்பு மெய்தான்" என்று அவரும் நடந்தார்.

வீடுகள் கட்டி முடிய நாள் எடுத்தது. அந்தக் காலம் முழுவதும் புஷ்பம் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டேன். பைப்படியில் அவள் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். அவள் பிள்ளைக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொடுக்கக்கூட ஆள் இல்லை. மாரியம்மன் திருவிழாவில் அவள் கொண்டுபோன மாவிளக்கைத் தொட ஒருத்தியும் முன்வரவில்லை. கணேசன் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாரியாயியும் ஓரகத்தியின் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே வந்தால் குனிந்துகொண்டு போய்விடுவாள். புஷ்பம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தே நடந்தாள். ஒருதரம் தெருவில் கண்டு, "எப்பிடி இருக்கிறீங்க?" என்றேன். "எனக்கென்ன மிஸ்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். மாரியாயி உண்மையாகவே அவளை வெறுத்துவிட்டாள் என்று அன்றைக்கு நம்பினேன்.

சாவி கொடுக்கும் நாள் வந்தது. சீட்டுக் குலுக்கியதில் புஷ்பம் வீட்டுக்குக் கீழ்மாடி, மாரியாயிக்கு மூன்றாம் மாடி. நல்ல நேரம் பார்த்து எல்லோரும் அவரவர் வீட்டில் பால் காய்ச்ச ஆயத்தமானார்கள். படிக்கட்டு எங்கும் சாம்பிராணிப் புகை, பிள்ளைகளின் ஓட்டம், புதுச் சுண்ணாம்பு வாசம். சேரும் நானும் கதவுப் பூட்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு கீழ்மாடியில் நின்றோம்.

மேலிருந்து மாரியாயி இறங்கி வந்தாள். கையில் மஞ்சள் கட்டிய புதுச் சட்டி, அதில் காய்ச்சாத பால். பின்னால் மூன்று பெண்களும். படியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் நேரே புஷ்பத்தின் வாசலில் போய் நின்றாள்.

"ஒன் அடுப்பப் பத்த வையி. என் பாலும் அதுலதான் பொங்கணும்" என்றாள்.

புஷ்பத்தின் முகம் வெளிறிவிட்டது. சேரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா, போயிருங்க. சேர் நிக்கிறாரு. வீடு போயிரும் அக்கா" என்று கிசுகிசுத்தாள். நாங்கள் நின்ற இடத்துக்கு அது தெளிவாகக் கேட்டது.

"போனாப் போகட்டும்" என்று மாரியாயி சத்தமாகவே சொன்னாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளும் பேசாததை எல்லாம் ஒரே மூச்சில் பேசினாள்.

"அன்னைக்குப் பைப்படியில நீங்க எல்லாம் இருந்தீங்கதானே? இவ என்னைய என்னென்னமோ ஏசினா. வெறகச் சொன்னா, சாம்பலச் சொன்னா, எம்மகளச் சொன்னா. எந்தாலியப் பத்தி ஒரு வார்த்த வந்திச்சா? நம்ம லயத்துல தாலியறுத்தவளோட சண்ட போடுறவ மொதல்ல எத எடுப்பா? சொல்லுங்க! நீங்களே எத்தன பேரு என்னைய அதச் சொல்லி ஏசியிருக்கீங்க. வாய்க்கு வந்தத எல்லாம் எடுத்தவ, அத மட்டும் தொடல. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு, இவ எனக்கு வீடு வாங்கித் தர்றதுக்காகத்தான் ஏசுறான்னு. நான் பேசினா இவ பட்டது எல்லாம் வீணாப் போயிருமேன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். இனிமே இவளக் கெட்டவன்னு யாரும் சொல்லக்கூடாது."

புஷ்பம் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கணேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலில் வாய் திறந்தவர் சின்னையா. மூன்று கல் வைத்துச் சேரிடம் பிடிபட்டவர்களில் ஒருவர் அவர். "அப்ப சண்டை பொய்! சேர், காதால கேட்டீங்கதானே? ஒரே குடும்பம், ஒரே அடுப்பு. எனக்கு இல்லைன்னு வெட்டுனீங்க. இவுகளுக்கு மட்டும் ரெண்டா? மேல் வீட்டுச் சாவியத் திருப்பி வாங்குங்க!" என்றார். இரண்டொருவர் தலையாட்டினார்கள். சேர் யாருக்கும் பாவம் பார்க்காத ஆள். அன்று சரிவில் நின்று அவர் சொன்ன நியாயம் அப்படியே திரும்பி வந்து நிற்கிறது.

சேர் வாசலுக்கு ஒரு எட்டு முன்னால் போய் நின்றார். குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மாரியாயி, நாளைக்கு நீங்க எங்க சோறாக்குற?"

இந்த ஒரு இடத்திலாவது அவள் ஒரு பொய் சொல்லமாட்டாளா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"தெரியாதுங்க சேர். இவ கூப்பிட்டா இங்கதான் சாப்பிடுவேன். பொய் சொல்ல மாட்டேன்."

"எங்க படுப்பீங்க?"

"மேல. எம்பிள்ளைகளோட."

"இவ்வளவு நாளும் அந்த மூத்த மகள் எங்க படுத்த?"

தனம் தலையைக் குனிந்துகொண்டாள். சேர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு நெடு நேரம் தன் கையிலிருந்த குடையைப் பார்த்தார். அவர் நாக்கைத் தட்டுவதற்காகக் காத்திருந்தேன். தட்டவில்லை.

"சின்னையா, சபை ஊடு குடுக்கிற மனிசர் படுக்கிறதுக்கு. அவங்க எங்க தின்னுறண்டு பாக்கிறது எங்கட வேல இல்ல. ரெண்டு குடும்பம் படுக்க ரெண்டு ஊடு வேணும். மேல் ஊட்டுத் தொறப்பு அவங்கட கையிலேயே ஈக்கட்டும்."

சின்னையாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சேர்!"

"செல்லியிருக்கலாம். அன்டைக்கு எனக்கு வெளங்கல்ல" என்றார் சேர். அத்தனை பேருக்கு முன்னால், குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். "நாளைக்கு ஒங்கட ஊட்டுக்கு வாரன். அடுப்பு வேணாம். எத்தின பேர், எங்க எங்க படுக்குறண்டு காட்டுங்க."

சின்னையாவுக்கும் அடுத்த கட்டத்தில் கட்டிய தொடர்மாடியில் ஒரு வீடு கிடைத்தது. அதற்குச் சேர் சபையில் எத்தனை பேரோடு முட்டி மோதினார் என்பது வேறு கதை. அதன் பிறகு எங்கள் பிரிவில் யாரும் அடுப்பை எண்ணவில்லை. பாயை எண்ணினோம்.

அன்று பால் பொங்கியது. இரண்டு சட்டியும் ஒரே அடுப்பில் மாறி மாறிப் பொங்கின. எல்லோருக்கும் கிடைத்தது, சின்னையாவுக்கும்தான். மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு, மேல் மாடிகளில் குழாய் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நான் மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

மாரியாயியின் கதவு பாதி திறந்திருந்தது. அவள் வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். சாமான் ஒன்றும் இன்னும் ஏற்றியிருக்கவில்லை. வெறும் சீமெந்துத் தரையின் நட்டநடுவில், பாய்கூட விரிக்காமல், தனம் மல்லாந்து கிடந்தாள். ஒரு கை அந்தச் சுவர்ப் பக்கம், ஒரு கை இந்தச் சுவர்ப் பக்கம், இரண்டு காலும் நன்றாக நீண்டு. வாய் திறந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வந்ததுல இருந்து தூங்குறா மிஸ்" என்றாள் மாரியாயி, மூச்சுச் சத்தத்தில். "எழுப்ப மனசு வரல."

கீழிருந்து சேர், மூன்றாம் மாடிக் குழாய்க்கு என்ன ஆயிற்று என்று உரத்துக் கேட்டுக்கொண்டே படியேறி வந்தார். நான் கையைக் காட்டினேன். அவர் கதவிடுக்கால் ஒரே ஒரு முறை உள்ளே பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு மெல்லப் படியிறங்கிப் போனார்.